டெர்மினலைக் கன விண்டோவாப் பிரிச்சு வச்சிருக்கிற டீமக்ஸ்ல, ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னுக்கு அடிக்கிற ப்ரிபிக்ஸ் கீயா கொன்ட்ரோல் ஏ போடுறதா, வந்தபடி பி-யோடயே இருக்கிறதா?

பழைய ஷெல்: கொன்ட்ரோல் ஏ-யோட வாற ஸ்கிரீன் எண்ட இதேமாதிரிப் பழைய புரோகிராம்ல வருசக்கணக்கா பழகின கைக்கு டீமக்ஸ்ட கொன்ட்ரோல் பி சரிவராது, விரல் எட்டோணும். நான் ப்ரிபிக்ஸை கொன்ட்ரோல் ஏ ஆக்கி, பி-யை அன்பைண்ட் பண்ணி (கழட்டி), ஏ-யை ரெண்டு தரம் அடிச்சா கடைசியா நிண்ட விண்டோவுக்குப் போறமாதிரி வச்சிட்டன், ஸ்கிரீன்ல இருந்தமாதிரியே. எல்லா சேர்வருக்கும் இதே செட்டிங் பைலைக் கொப்பி பண்ணுங்கோ, அலுவல் முடிஞ்சுது.

வெள்ளவத்தைவாசி: எங்க முடிஞ்சுது அண்ணா? கமாண்ட் அடிக்கிற பாஷ் ஷெல்ல கொன்ட்ரோல் ஏ வரியின்ர தொடக்கத்துக்குப் போறதுக்கு. நீட்டுக்கு ஒரு கமாண்ட் அடிச்ச பிறகுதானே முன்னுக்கு சூடோ (அட்மின் அனுமதி) போடேல்ல எண்டு தெரியவரும், அப்ப அது வேணும். பி-யை அவங்கள் சும்மா எடுக்கேல்ல, டீமக்ஸை முதல்ல எழுதினதே ஸ்கிரீனுக்குள்ள இருந்துதான், ரெண்டும் முட்டுப்படக்கூடாது எண்டு பி.

பழைய ஷெல்: ப்ரிபிக்ஸை அப்பிடியே உள்ளுக்கு அனுப்புற சென்ட் ப்ரிபிக்ஸை வெறும் ஏ-க்கு பைண்ட் பண்ணுங்கோ தம்பி. கொன்ட்ரோல் ஏ, பிறகு ஏ, வரித் தொடக்கம். ஒரு கீ கூட, அவ்வளவுதான்.

வெள்ளவத்தைவாசி: நெஸ்ட் பண்ணினா? லப்டொப்ல ஒரு டீமக்ஸ், அதுக்குள்ளால எஸ்எஸ்எச் அடிச்சு தூரத்து சேர்வருக்குள்ள போய் அங்க இன்னொண்டு, ரெண்டுக்கும் உங்கட ஏ. டிடாச் பண்ண (வேலையை ஓடவிட்டிட்டு வெளியில வர) ப்ரிபிக்ஸும் டி-யும் அடிச்சா வெளியில இருக்கிறது கழண்டு போகும், உள்ளுக்க இருக்கிறது அசையாது. அங்க வரித் தொடக்கத்துக்குப் போக எத்தினை ஏ எண்டு எண்ணிப் பாருங்கோ.

கொட்டாஞ்சேனைக்காரி: ஏன் நெஸ்ட் பண்றீங்க, டெர்மினல்ல டாப் இல்லையா? நெஸ்ட் பண்றதெண்டா கவனம் எண்டு டீமக்ஸே சொல்லுது.

வெள்ளவத்தைவாசி: அது ஒரே மெஷின்ல உள்ளுக்க உள்ளுக்கத் தொடங்கினாத்தான் அக்கா. டீமக்ஸுக்குள்ளதான் நிக்கிறம் எண்டு காட்டுற டீமக்ஸ் வேரியபிள் எஸ்எஸ்எச் தாண்டிப் போகாது, அதால வாயே திறக்காம விட்டிடும். 2022 கரண்ட் கட் நேரம் ரவுட்டர் செத்து லைன் போனாலும் சேர்வர்ல வேலை ஓடிக்கொண்டே இருந்துது, டாப் அதைச் செய்யுமா?

கொட்டாஞ்சேனைக்காரி: சேர்வர்ல வேணும், நான் மறுக்கேல்ல. லப்டொப்ல எதுக்கு எண்டுதான் கேட்டனான், அதுக்குப் பதிலைக் காணேல்ல 🙄

பழைய ஷெல்: லப்டொப்ல ஒரே விண்டோவை ஆறு பேனா (துண்டா) பிரிச்சு வச்சு வேலை செய்யிற ஆளுக்கு அது விளங்கும். எப்12-க்கு ஒரு பைண்டிங் போடுங்கோ, வெளி டீமக்ஸ்ட ப்ரிபிக்ஸை நன் (ஒண்டுமில்லை) ஆக்கி, எந்த கீக்கு என்ன வேலை எண்ட கீ டேபிளையும் மாத்திவிடும், அடிக்கிறதெல்லாம் நேர உள்ளுக்குப் போகும், திரும்ப எப்12 அடிச்சா பழையபடி. ஸ்டேட்டஸ் பாரையும் அந்த நேரம் சாம்பல் கலராக்குங்கோ, இல்லாட்டி எது முழிச்சிருக்கு எண்டே தெரியாது.

வெள்ளவத்தைவாசி: கலரைப் பாத்துப் பாத்து வேலை செய்யேலாது. கிளையண்ட்ட சேர்வர்ல உங்கட பைலைப் போடவும் விடமாட்டாங்கள், போட்டாலும் ஒரே யூசர்ல நாலு பேர் லொகின் பண்ற இடத்தில அடுத்த ஷிப்ட்காரன் பி-யை அடிச்சு அடிச்சு உங்களைத்தான் திட்டுவான். சேர்வர்ல வந்தபடி பி, லப்டொப்ல மட்டும் வேற ஒண்டு. நான் கொன்ட்ரோல் ஸ்பேஸ் வச்சிருக்கிறன்.

பழைய ஷெல்: ஸ்பேஸா! ஈமாக்ஸ் எடிட்டர்ல மார்க் பண்றதே அதாலதானே, ஏ-க்கு மட்டும் இவ்வளவு அழுதீங்க?

வெள்ளவத்தைவாசி: நான் விம் எடிட்டர்காரன் அண்ணா.