கேட்டலன் (ஜி3, பிஷப் ஜி2 வரும் சதுரங்கத் தொடக்கம்): ராணி சி4 சிப்பாயை எடுத்த பிறகு வெள்ளைக்குத் திட்டம் என்ன?

கேள்வி:
1.டி4 குதிரை எஃப்6 2.சி4 இ6 3.ஜி3 டி5 4.பிஷப் ஜி2 பிஷப் இ7 5.குதிரை எஃப்3, இருவரும் கேஸ்லிங் (ராஜாவைப் பாதுகாப்பாக ஒதுக்குதல்), 6...டி×சி4 ("..." கருப்பின் நகர்த்தல், "×" எடுத்தல்) 7.ராணி சி2 ஏ6 8.ராணி×சி4 பி5 9.ராணி சி2 பிஷப் பி7. சிப்பாய் கணக்கு சமம். இங்கே எல்லாரும் 10.பிஷப் டி2 ஆடுகிறார்கள். பார்க்க மந்தமாக இருக்கிறதே, ஏன்? இ4 தள்ளினால் என்ன?

பதில் 1:
இந்த நிலையின் உயிர் கருப்பின் சி7 சிப்பாயில் இருக்கிறது. அது சி5 போய்விட்டால் கருப்புக்குக் குறையே இல்லை. போகாவிட்டால், பாதி திறந்த (வெள்ளைச் சிப்பாய் இல்லாத) சி வரிசையில் பின்தங்கி நிற்கும்; முன்னால் உள்ள சி5 கட்டம் உங்கள் குதிரைக்கு.

கருப்பு உடனே சி5 ஆட முடியாது: டி×சி5 பிஷப்×சி5 என்றால் அந்த பிஷப்புக்குக் காவலில்லை, ராணி எடுத்துவிடும். ஆகவே முதலில் குதிரை டி7 வேண்டும். அப்போது டி2-இலிருந்து 11.பிஷப் ஏ5! சி7 அசைந்தால் டி8 ராணி போச்சு. சிப்பாய்க்கும் இரட்டைத் தாக்குதல், அதனால் யானை சி8 வந்தே ஆக வேண்டும். பிறகு சி5-க்காக ராணியையும் இ8-க்கு நகர்த்த வேண்டும். அதற்குள் உங்கள் குதிரை டி2 வழியாக பி3 போய் சி5-ஐக் காக்கும்.

அவசரப்பட்டு பி4 தள்ளாதீர்கள். ஏ5 பிஷப்பின் திரும்பும் வழி அடைபடும். கருப்புக் குதிரை டி7-பி8-சி6 வந்து அதைப் பிடிக்கும்.

பதில் 2:
இ4 பற்றி: ஜி2 பிஷப்பின் நீண்ட மூலைவிட்டத்தை நீங்களே அடைக்கிறீர்கள். பி7 பிஷப்புக்கும் எஃப்6 குதிரைக்கும் இ4 இலக்காகிவிடும்.

10.பிஷப் டி2-க்கு நல்ல பதில் 10...பிஷப் இ4. 11.ராணி சி1 பிஷப் பி7 வந்தபின் மறுபடி ராணி சி2 ஆடினால் நிலை திரும்பத் திரும்ப வந்து டிராதான். வெற்றி வேண்டுமென்றால் 12.பிஷப் எஃப்4 போன்று மாற்றி ஆட வேண்டும்.

பி5-ஐயே தடுக்க 8.ஏ4 உண்டு. விலை, பி4 கட்டத்தில் ஓட்டை (சிப்பாயால் காக்க முடியாத கட்டம்).

பதில் 3:
ராணிகள் வெளியேறினாலும் அழுத்தம் குறையாது என்பதைப் பலர் நம்புவதில்லை. 2010 சோஃபியா உலகப் பட்டப் போட்டி, ஆனந்த்–டோபலோவ் இரண்டாம் ஆட்டத்தைப் பாருங்கள் (வரிசை வேறு, கரு இதுவே). 15.ராணி ஏ3! ராணிகளை மாற்றி, ஏ2, ஏ3 இரட்டைச் சிப்பாய்களை ஆனந்த் தானாக ஏற்றார். கருப்பின் சி8 பிஷப் அதுவரை வெளிவரவில்லை. அந்த இடைவெளியில் யானைகள் இரண்டும் சி வரிசையில் நின்றன, 23-வது நகர்த்தலில் குதிரை சி6-இல் இறங்கியது. ஆட்டம் ஆனந்துக்கு.