புதுப்பிப்பு: குப்பனூர் வழியாக ஏற்காடு, இறங்கும்போது கவனிக்க வேண்டியவை

விடுமுறை நாளில் அடிவாரம் வழியாகப் போகும் 20 கொண்டை ஊசி வளைவு சாலையை விட்டுவிட்டு, அயோத்தியாப்பட்டணம், குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏறலாம் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். ஏறுவதைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. இறங்கும்போது பிரேக் கருகும் வாடை வருகிறது என்பதுதான் பலரின் கேள்வி.

ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ, அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. ஆட்டோமேட்டிக் என்றால் எல் (L, அதாவது குறைந்த கியர்) அல்லது மேனுவல் நிலை. நியூட்ரலில் உருட்டவே கூடாது. பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்கினால் சூடு ஆறவே ஆறாது. வளைவுக்கு முன் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, உடனே விட்டுவிட வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (DOT 4) என்ற பிரேக் ஆயில் வகைக்குத் தரநிலை சொல்லும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 155 மட்டுமே. கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அதனால் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். சூடான பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிவிடலாம்.

இந்தச் சாலை குறுகலானது. எதிரே ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை, இறங்குபவர்தான் ஒதுங்க வேண்டும். மூடுபனியில் லோ பீம் போதும். கனமழை பெய்த மறுநாள் கல் உருண்டு கிடக்கும், பகலிலேயே இறங்கிவிடுங்கள்.