புதிய வைப்பர் பிளேடு ஒரு திசையில் மட்டும் தடதடவென்று அதிர்வது ஏன்?

கேள்வி:

வணக்கம். என்னிடம் இருப்பது ஏழு ஆண்டுகளாக ஓடும் சிறிய கார். வைப்பர் ரப்பரின் ஓரம் கிழிந்து தொங்கியதால், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மாற்றிவிட எண்ணி, கார் நிறுவனத்தின் அசல் பிளேடுகளுக்குப் பதிலாக, 'ஃபிரேம்லெஸ்' எனப்படும் சட்டமில்லாத வகையை வெளிக்கடையில் வாங்கினேன். பழையவற்றை அளந்து பார்த்தே வாங்கினேன்: ஓட்டுநர் பக்கம் 24 அங்குலம், இடப் பக்கம் 16 அங்குலம். பெட்டியில், பிளேடை அதைத் தாங்கும் வைப்பர் கையோடு (ஆர்ம்) இணைக்கும் நான்கு வகை பிளாஸ்டிக் அடாப்டர்கள் இருந்தன. என் காரின் ஆர்ம் முனை கொக்கி வடிவிலானது. அதற்குப் பொருந்துவதாகத் தோன்றிய ஒன்றை மாட்டினேன், 'டக்' என்ற ஒலியும் கேட்டது. ரப்பரின் மேலிருந்த பாதுகாப்புப் பட்டையையும் மறக்காமல் உரித்துவிட்டேன்.

இடப் பக்கம் குறையொன்றும் இல்லை. ஓட்டுநர் பக்கத்தில் பிளேடு மேலே ஏறும்போது அமைதியாகத் துடைக்கிறது. கீழே இறங்கும்போது தடதடவென்று அதிர்ந்து, கோடு கோடாக நீரை விட்டுச் செல்கிறது. அத்துடன், முன்கண்ணாடியின் வலப்பக்க ஓரத்திலுள்ள தூணை நெருங்கும்போது அதன் நுனி ஏறத்தாழ இரண்டு விரற்கடை அளவு கண்ணாடியைத் தொடாமல் நிற்கிறது. 'ஓட ஓடச் சரியாகிவிடும்' என்கிறார் கடைக்காரர். இரவில் எதிரே வரும் பேருந்தின் விளக்கொளி அந்தக் கோடுகளில் பட்டுச் சிதறினால் சாலையே தெரிவதில்லை என்பதால், காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கே தவறு செய்தேன்?

மறுமொழி 1:

வணக்கம் ஐயா. நீங்கள் காத்திருக்காததே நல்லது. அதிர்ந்தபடியே ஓடவிட்டால் புதிய ரப்பரின் ஓரம் கெட்டுப்போகுமே தவிர, அதிர்வு தானாக நிற்காது.

ஒரு திசையில் மட்டும் அதிர்கிறது என்பதுதான் நீங்கள் தந்திருக்கும் முக்கியமான தடயம். ரப்பரின் மெல்லிய இதழ், பிளேடு நகரும் திசைக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்து, பின்னால் இழுபட்டுக்கொண்டே வர வேண்டும். பிளேடு திரும்பும் கணத்தில் அது மறுபக்கம் புரள வேண்டும். புரளாமல் நின்றுவிட்டால் இதழ் கண்ணாடியில் முட்டும், பின் துள்ளும், மறுபடி முட்டும். அந்தத் தடதட ஒலி இதுதான். பழைய ரப்பராக இருந்தால், வெயிலில் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்து இறுகிவிட்டது என்று சொல்லியிருப்பேன். உங்களுடையது புதியது என்பதால் நான் முதலில் சந்தேகிப்பது அடாப்டரை.

கொக்கி வடிவ ஆர்ம்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், பரவலாக இரண்டு அளவுகளில் வருகின்றன. இரண்டிலும் பட்டையின் அகலம் 9 மி.மீ.; தடிமன் மட்டும் ஒன்றில் 3 மி.மீ., மற்றொன்றில் 4 மி.மீ. மெல்லிய கொக்கியைத் தடித்த கொக்கிக்கான அடாப்டரில் செருகினாலும் அது பூட்டிக்கொள்வதுண்டு. ஆனால் உள்ளே ஆட்டம் இருக்கும். பிளேட்டின் நடுப்பகுதியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். அதன் இரு நுனிகளும் தராசுத் தட்டுகளைப் போல ஏறி இறங்குவது இயல்பானது. பிளேடு தன் நீளவாக்கில் முறுக்கிக்கொண்டு ஆடினால் அடாப்டர் மாறியிருக்கிறது என்று பொருள்.

கழற்றும்போது ஒன்றை மட்டும் தயவுசெய்து கடைப்பிடியுங்கள். ஆர்மை நிமிர்த்தியவுடன், கண்ணாடியின் மேல் ஒரு தடித்த துண்டை மடித்துப் போட்டுவிடுங்கள். பிளேடு இல்லாத வெறும் ஆர்ம் ஸ்பிரிங்கின் இழுப்பில் அறைந்தால், அந்த இரும்பு முனையே முன்கண்ணாடியை விரிசல் விடச் செய்துவிடும். இப்படிக் கண்ணாடியை இழந்த ஒருவரை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

அடாப்டரை மாற்றிய பின்பும் அதிர்ந்தால், ஆர்ம் முறுக்கியிருக்கலாம். கண்ணாடியை நனைத்து வைப்பரை ஓடவிட்டு, அது பாதி வழியில் இருக்கும்போது சாவியைத் திருப்பி நிறுத்தி, நுனிப் பக்கமிருந்து பாருங்கள். பிளேடு கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இதழ் ஒரு திசையில்தான் ஒழுங்காகப் புரளும். அதை நிமிர்த்தும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

மறுமொழி 2:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. கண்ணாடியையும் பாருங்கள், தம்பி. டீசல் புகையும், தண்ணீர்க்கழுவலில் போடும் மெழுகும் படிந்த கண்ணாடியில் எந்தப் பிளேடும் இழுத்து இழுத்துத்தான் ஓடும். பாத்திரம் கழுவும் திரவத்தால் தேய்த்து, நன்றாக அலசி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடையுங்கள். அதே துணியால் ரப்பரைத் தேய்த்துவிடாதீர்கள். பல பிளேடுகளின் ஓரத்தில் எளிதாக வழுக்குவதற்கென்று கிராஃபைட் பூசியிருப்பார்கள், அது போய்விடும். ரப்பருக்கு ஈரத்துணியே போதும்.

நுனி தொடாமல் நிற்பது வேறு சிக்கல். அதை அடாப்டர் தீர்க்காது. சட்டமில்லாத பிளேட்டின் உள்ளே இருப்பது முன்கூட்டியே வளைத்து வைத்த உருக்குப் பட்டை. அந்த வளைவு உங்கள் கண்ணாடியின் வளைவைவிடக் குறைவாக இருந்தால், கண்ணாடி மிகுதியாக வளையும் தூணோரத்தில் நுனி எட்டாது. எந்தக் காருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் பிளேடுகளில் இந்தக் குறை அடிக்கடி தென்படுகிறது. பழைய சட்டவகைப் பிளேடு பார்க்க அழகாக இல்லைதான்; ஆனால் அதன் மூட்டுள்ள நகங்கள் பல இடங்களில் ரப்பரைத் தனித்தனியே அழுத்துவதால், வளைவு மாறும் இடத்திலும் அது கண்ணாடியோடு ஒட்டிப் போகும். சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் உறை போட்ட 'ஹைபிரிட்' வகையும் உண்டு. நுனி எட்டவில்லை என்று 26 அங்குலம் மட்டும் வாங்கிவிடாதீர்கள். தூணிலோ மற்றப் பிளேட்டிலோ மோதும்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கொக்கியை வெர்னியரால் அளந்தேன்: தடிமன் 3 மி.மீ.; நான் ஓட்டுநர் பக்கம் மாட்டியிருந்தது 4 மி.மீ.க்கான அடாப்டர். இடப் பக்கத்தில் தற்செயலாகச் சரியானதையே மாட்டியிருக்கிறேன். மாற்றியதும் அதிர்வு பெருமளவு குறைந்தது. கண்ணாடியைத் துடைத்தபோது துணி கறுத்து வந்தது, அதன்பின் ஒலியே இல்லை. நுனி மட்டும் இன்னும் எட்டவில்லை. ஆகவே ஓட்டுநர் பக்கத்துக்கு 24 அங்குலச் சட்டவகைப் பிளேடு ஒன்றை வாங்கி மாட்டினேன். நேற்று இரவு பெய்த மழையில் தூணோரம் வரை துடைத்தது. இடப் பக்கம் ஃபிரேம்லெஸ் பிளேடே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.