தட்டில் ஒரு விலை, பற்றுச்சீட்டில் வேறு விலை: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கொக்குவிலிலிருந்து:

சென்ற மாதம் யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு பல்பொருள் அங்காடியில் வீட்டுக்குரிய மாதச் சாமான்களை வாங்கினேன். மைசூர்ப் பருப்பு அடுக்கியிருந்த தட்டில் ஒரு கிலோ 285 ரூபா என்று மஞ்சள் நிறச் சிட்டையொன்று தொங்கியதைப் பார்த்து இரண்டு கிலோ எடுத்தேன். வழக்கமாக வீட்டுக்குப் போய் ஆறுதலாகத்தான் பற்றுச்சீட்டைப் பார்ப்பேன். அன்று மழை பிடித்துக்கொண்டதால் கடை வாசலில் ஒதுங்கி நின்றபடியே வாசித்தேன். கிலோ 310 ரூபாவாகப் போட்டு, மொத்தத்தில் 50 ரூபா கூடுதலாக எடுத்திருந்தார்கள்.

திரும்பிப் போய்ச் சீட்டைக் காட்டினேன். காசாளராக இருந்த பிள்ளை, "ஐயா, கொம்பியூட்டரில இதுதான் விலை காட்டுது" என்றார். அவரில் பிழையில்லை; அவருக்கு முன்னாலிருக்கும் திரையைத்தான் அவர் நம்ப முடியும். முகாமையாளர் வந்து, விலை முதல் நாளிரவு ஏறியதாகவும் சிட்டையை மாற்ற மறந்துவிட்டதாகவும் சொல்லி, உடனேயே 50 ரூபாவைத் திருப்பித் தந்தார். கணினியில் விலையை ஒரே அழுத்தில் மாற்றிவிடலாம், தட்டிலுள்ள சிட்டையை ஒரு மனிதர் நடந்துபோய்த்தான் மாற்றவேண்டும், இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் பெரும்பாலான பிழைகள் நடக்கின்றன என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

ஆனால் என் காசு கிடைத்ததோடு நான் வந்துவிடவில்லை. அந்தச் சிட்டையைக் கழற்றுங்கள் என்று கேட்டேன். "பிறகு மாத்துவினம் ஐயா" என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய், சிட்டையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மூன்று பைக்கற்றுகளைக் கூடைக்குள் வைத்தார். அதைக் கண்ட பிறகு முகாமையாளரே எட்டிச் சிட்டையைப் பிடுங்கினார். மறந்துபோவது எவருக்கும் நேரக்கூடியது. பிழை என்று தெரிந்த பின்னரும் அதை அப்படியே தொங்கவிட்டு விற்பதை நான் மறதியாகக் கருத ஆயத்தமாக இல்லை.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பொதியில் விலை குறிக்கப்படாத பொருட்களின் விலையை வாடிக்கையாளர் காணக்கூடியவாறு காட்சிப்படுத்துவதும், கேட்டால் திகதி, அளவு, விலை ஆகியவற்றோடு பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் வியாபாரியின் கடமைகள். வாங்குபவரைப் பிழையாக வழிநடத்தும் நடத்தையையும் அதே சட்டம் தடைசெய்கிறது. எங்கள் ஊர்க் கடைகளில் சீட்டுக் கேட்டால் நம்பிக்கையில்லையா என்று முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்பதற்குக் கூச்சப்படுபவர்கள் அவர்களை விட அதிகம். உங்களுக்கு நேர்ந்தவற்றையும் எழுதுங்கள்.

சுன்னாகத்திலிருந்து:

என்னுடையது 2022 ஆம் ஆண்டு பங்குனி மாதத்துக் கதை. 400 கிராம் பால்மா 540 ரூபாவிலிருந்து 790 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறிய நாட்கள் அவை. மகளுக்காக மூன்று கடை ஏறி இறங்கி, நாலாவது கடையில் ஒரு பைக்கற்றைக் கண்டுபிடித்தேன். 790 என்ற வெள்ளைத் துண்டு ஒட்டியிருந்தது. அதன் ஒரு மூலை கிளம்பி நின்றதால் நகத்தால் சுரண்டினேன். அடியில் 540 என்று கறுப்பு மையில் அச்சடித்தது அப்படியே இருந்தது.

பொதியில் குறித்த விலையை அழிப்பதும், மாற்றுவதும், கண்ணுக்குத் தெரியாதபடி மறைப்பதும், குறித்த விலைக்கு மேல் விற்பதும் குற்றம் என்பது எனக்கு அப்போதே தெரியும். கடைக்காரரிடம் துண்டைக் காட்டினேன். "விருப்பமெண்டால் எடுங்கோ, இல்லாட்டி வையுங்கோ" என்றார். பிள்ளை வீட்டில் பாலுக்குக் காத்திருந்தாள். 790 கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன், முறைப்பாடும் செய்யவில்லை. புதிய சரக்கு கூடிய விலைக்கு வந்தால் கூடிய விலைக்கு விற்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. பழைய விலைக்கு வாங்கி வைத்த சரக்கின் மேல் துண்டு ஒட்டியதைத்தான் இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

சாவகச்சேரியிலிருந்து:

இரண்டு அனுபவங்களையும் வாசித்தேன். நான் நான்கு வருடங்கள் காசாளராக வேலை செய்தவள் என்பதால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஒரு நாள் 9,800 ரூபா பெறுமதியான மின்சாரச் சோற்றுப் பானைக்கு, பூச்சியமொன்று விடுபட்டு 980 ரூபா என்று சிட்டை அடிபட்டுவிட்டது. ஒருவர் அதைத் தூக்கி வந்து, "போட்ட விலைக்குத்தான் தரவேணும், அதுதான் சட்டம்" என்று நின்றார். எனக்குச் சட்டம் தெரியாது, பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, பயத்தில் கொடுத்துவிட்டேன். மீதி 8,820 ரூபாவை மூன்று மாதமாக என் சம்பளத்தில் கழித்தார்கள். அப்பா சுகமில்லாமலிருந்த காலம் அது.

பின்னர் சட்டம் படித்த என் மச்சாளிடம் கேட்டபோது, அந்த வாடிக்கையாளர் சொன்னது சரியில்லை என்று விளக்கினார். சிட்டையிலுள்ள விலை, வாங்க வாருங்கள் என்ற அழைப்பு மட்டுமே. வாடிக்கையாளர் பொருளைக் கொண்டுவந்து கேட்க, கடை அதை ஏற்கும்போதுதான் ஒப்பந்தம் உண்டாகிறது. இலங்கையின் ஒப்பந்தச் சட்டத்துக்கு அடிப்படையான உரோமன் டச்சுச் சட்டத்தையே பின்பற்றும் தென்னாபிரிக்காவில், மலிவு விலை எழுதி வைத்த ஒரு கடைக்காரர் புகையிலையை அந்த விலைக்கு விற்க மறுத்த வழக்கில், 1909 ஆம் ஆண்டிலேயே நீதிமன்றம் இப்படித்தான் தீர்த்ததாம். ஆகவே பிழையாகக் குறைந்த விலையைக் கண்டால், பணம் கட்டுவதற்கு முன் கடை அதைத் திருத்தலாம்; வாங்குவதா விடுவதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் வேண்டுமென்றே குறைந்த விலையைப் போட்டு ஆட்களைக் கூப்பிட்டுவிட்டுக் கூடுதலாக எடுக்கும் கடைக்கு இந்த நியாயம் பொருந்தாது, அது ஏமாற்று.

கொக்குவிலிலிருந்து மீண்டும்:

தங்கச்சி, உங்கள் சம்பளத்தில் கழித்ததை வாசித்தபோது மனம் மிகவும் வருந்தியது. சிட்டை அடித்த பிழையை, அதை அடிக்காத பிள்ளையின் தலையில் கட்டியது அநியாயம். இனி அப்படியொரு சிட்டையை நான் கண்டால், எடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் சொல்வேன்.

சுன்னாகத்துச் சகோதரிக்கு ஒன்று. முறைப்பாடு செய்யாமல் விட்டதற்காக உங்களை நீங்களே நோகவேண்டாம். ஆனால் அடுத்த முறை காலத்தைக் கவனியுங்கள்: விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் தெரிவிக்கலாம். பற்றுச்சீட்டு வாங்கிய அன்றே அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, ஒரு போட்டோப் பிரதியும் அடித்து வையுங்கள். இப்போது கடைகளில் தரும் சீட்டு வெப்பத்தில் அச்சாகும் தாள். எங்கள் சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடந்த என் சீட்டொன்று, எடுத்துப் பார்த்தபோது ஒரு எழுத்தும் தெரியாமல் கறுத்துப் போயிருந்தது.