அப்டேட் ஆனதுல இருந்து படிச்ச லிங்க் எல்லாம் நீலமாவே நிக்கி, என்ன செய்ய?

வீரவநல்லூர் சென்டர்:

வணக்கம். வீரவநல்லூர்ல சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கேன், ரெண்டு சிஸ்டம் ஒரு பிரிண்டர் ஒரு லேமினேஷன் மிஷின், அவ்ளோதான். பீடி சுத்துத வீட்டுப் பிள்ளைங்க, தறிக்காரங்க வீட்டுப் பிள்ளைங்கன்னு வேலைக்கு அப்ளிகேஷன் போட நெறய பேரு எங்கிட்டதான் வருவாவ. காலைல கடை தொறந்ததும் மொத வேலையா, வேலைவாய்ப்பு அறிவிப்ப எல்லாம் ஒரே பக்கத்துல சேத்துப் போடுத ஒரு சைட்ட தொறந்து பாத்துருவேன். அறுபது எழுபது லிங்க் கெடக்கும். நீலமா இருந்தா புதுசு, ஊதாவா இருந்தா பாத்தாச்சு. இத்தன வருசமா இதான் கணக்கு, தனியா நோட்டு போட்டதே கெடையாது.

பிரவுசர் அப்டேட் ஆனதுல இருந்து இது குழம்பிட்டு. நேத்து ராத்திரி இதே சிஸ்டத்துல வாட்ஸ்அப் குரூப்புல வந்த லிங்க தட்டி முழுசா படிச்சு, கடைசி தேதியக்கூட எழுதி செவுத்துல ஒட்டிருக்கேன், காலைல லிஸ்டுல பாத்தா அதே லிங்க் நீலமா நிக்கி. ஆனா லிஸ்டுல இருந்தே தட்டுனது மட்டும் ஊதாவா மாறுது. ரெண்டாவது சிஸ்டத்துல எதுவுமே ஊதா ஆகல. அது போக ஒரே ஒரு சைட்டுல ரெண்டு சிஸ்டத்துலயுமே என்னத்த தட்டுனாலும் கலர் மாறவே மாட்டேங்கு.

இதுல ஒரு பிள்ளைக்கு கெடுதி வரப் பாத்துச்சு, அதான் இங்க வந்து கேக்கேன். எல்லாம் நீலமா இருக்கதால எது பாத்தது எது பாக்காததுன்னு தெரியாம, ஏற்கனவே பாத்ததுன்னு நெனச்சு ஒரு அறிவிப்ப தாண்டிட்டேன். முக்கூடல்ல இருந்து வருத பிள்ளை அதுக்கு சரியான தகுதி உள்ளவ. கடைசி நாள் ராத்திரி எதேச்சையா கண்ணுல பட்டு போன் போட்டு வரவச்சு அப்ளை பண்ணோம். அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல.

பேட்டை தம்பி:

அண்ணாச்சி, ஹிஸ்டரி, கேஷ், குக்கி எல்லாத்தையும் மொத்தமா கிளியர் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. அப்டேட்டுக்கு அப்புறம் வருத பாதி பிரச்சன அதுலயே போயிரும்.

பாளை வெப்காரன்:

அண்ணாச்சி, ஹிஸ்டரிய மட்டும் தயவுசெஞ்சு அழிச்சிராதீங்க! ஊதா கலரு வாரதே அந்த ஹிஸ்டரிய வச்சுதான், அத அழிச்சா இப்ப மிச்சம் இருக்க ஊதாவும் போயிரும். தம்பி நல்லதுக்குதான் சொல்லுதான், ஆனா இதுக்கு அந்த வைத்தியம் ஆகாது.

நீங்க குரோம் வச்சிருந்தா, மொதல்ல சொன்ன விஷயம் ரிப்பேரே இல்ல, வேணும்னே மாத்துனது. 2025ல வந்த 136வது வெர்ஷன்ல இருந்துதான் இந்த மாத்தம். முன்னாடி ஒரு பக்கத்த எங்கன இருந்து தொறந்தாலும், அதோட லிங்க் உலகத்துல உள்ள எல்லா சைட்டுலயும் ஊதாவா தெரியும். இப்ப எந்த லிங்க், எந்த சைட்டுல நின்னு தட்டுனீங்க, அதுக்குள்ள எந்த பிரேம்ல (பக்கத்துக்குள்ள பதிச்சு வச்சிருக்க இன்னொரு பக்கம்) இருந்து தட்டுனீங்கன்னு மூணையும் சேத்துதான் பதிஞ்சு வைக்கும். மூணும் ஒத்துப் போனாதான் ஊதா. நம்ம நெல்லையப்பர் கோயில்ல சுவாமி சன்னதி வாசல்ல செருப்ப விட்டுட்டு, அம்மன் சன்னதி வாசல்ல வந்து டோக்கன நீட்டுனா குடுப்பாங்களா? அது மாதிரிதான். வாட்ஸ்அப்ல தட்டுனது, மெயில்ல தட்டுனது, அட்ரஸ் பார்ல நேரா அடிச்சது, புக்மார்க்ல இருந்து போனது எதுவும் உங்க லிஸ்ட் சைட்டுக்கு கணக்குல வராது. ஒரே ஒரு விலக்கு உண்டு, ஒரு சைட் தன்னோட சொந்தப் பக்கத்துக்கு குடுத்திருக்க லிங்க்னா, நீங்க எந்த வழியா அங்க போயிருந்தாலும் ஊதா காட்டும்.

ஏன் இப்படி பண்ணாங்கன்னா, அந்த கலர வச்சு உங்கள வேவு பாக்க முடியும். ஒரு சைட்டுக்காரன் கண்ணுக்கு தெரியாம ஆயிரக்கணக்குல லிங்க் போட்டு வச்சு, எது ஊதா ஆகியிருக்குன்னு பாத்தா நீங்க எங்கெங்க போயிட்டு வந்தீங்கன்னு தெரிஞ்சுக்கலாம்லா. இது ரொம்ப பழைய ஓட்டை. 2010லயே பயர்பாக்ஸ் பிரவுசர் செய்யுத மொசில்லாக்காரங்க இதுக்கு ஒரு அடைப்பு போட்டாங்க, சைட்டுக்காரனோட ஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள்ள ஓடுத புரோகிராம்) லிங்க் கலர் என்னன்னு கேட்டா, பாத்த லிங்கா இருந்தாலும் பாக்காததுன்னே பிரவுசர் பதில் சொல்லும், பாத்த லிங்குக்கு கலர தவிர எழுத்து சைஸ் மாதிரி எதையும் மாத்த விடாது. மத்த பிரவுசர்களும் பின்னாலயே அதே மாதிரி செஞ்சாங்க. ஆனாலும் லிங்க் திரும்ப வரைய எவ்ளோ நேரம் எடுக்குன்னு அளந்து பாத்து சுத்தி வளச்சு கண்டுபிடிக்க வழி இருந்துச்சு, அதான் இப்ப வேரோட அறுத்திருக்காங்க. உங்க சென்டருக்கு வருத பொம்பளப் பிள்ளைங்கள நெனச்சுப் பாருங்க, வீட்டுல சொல்லக் கூசுத ஒரு நோயப் பத்தி அங்கன உக்காந்து படிச்சிருக்கும், அத இன்னொரு சைட்டுக்காரன் தெரிஞ்சுக்கலாமா? எனக்கு இந்த மாத்தம் சரின்னுதான் படுது, உங்க வேலை சங்கடம் புரிஞ்சும் சொல்லுதேன்.

வழி என்னன்னா, குரூப்புல எது வந்தாலும் அங்கன தட்டாதீங்க, உங்க லிஸ்டுல அத தேடி அங்க இருந்தே தொறங்க. அப்பதான் பழைய கணக்கு நிக்கும்.

சுரண்டை டீச்சர்:

ரெண்டாவது சிஸ்டம் கஸ்டமருக்கு விடுத சிஸ்டம்தானே? எங்க ஸ்கூல் லேப்லயும் இதே கததான் நடந்துச்சு. பிரவுசர மூடுனதும் ஹிஸ்டரி தானா அழியுத மாதிரி செட்டிங் போட்டிருப்பீங்க, இல்லன்னா டெஸ்க்டாப்ல இருக்க ஐகானே இன்காக்னிட்டோவுல (ஹிஸ்டரி சேக்காத ரகசிய விண்டோ) தொறக்குத மாதிரி யாராச்சும் வச்சிருப்பாங்க. ரெண்டுலயுமே மூடித் தொறந்தா ஊதா தங்காது. ஆனா அத மாத்திராதீங்கய்யா, ஊர் பிள்ளைங்க ஆதார் நம்பரும் மெயிலும் போடுத எடம் அது, அழியுறதுதான் நல்லது. உங்க லிஸ்ட் வேலைய மொத சிஸ்டத்துலயே வச்சுக்கிடுங்க. இன்னொண்ணு, குரோம் ஹிஸ்டரி 90 நாளுக்கு மேல இருக்காது, அதனால மூணு மாசத்துக்கு முந்தி பாத்தது திரும்ப நீலமாத்தான் வரும்.

வீரவநல்லூர் சென்டர்:

பாளை தம்பி, டீச்சரம்மா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சோதிச்சுப் பாத்துட்டேன். ஒரே அறிவிப்ப மொதல்ல மெயில்ல இருந்து தொறந்தேன், லிஸ்டுல நீலமாவே நின்னுச்சு. பெறவு லிஸ்டுல இருந்து தட்டுனேன், திரும்பி வந்து பாத்தா ஊதா! ரெண்டாவது சிஸ்டத்துலயும் டீச்சர் சொன்னதேதான், மூடுனா அழியுத மாதிரி மூணு வருசத்துக்கு முந்தி நானே போட்டு மறந்திருக்கேன். அத அப்படியே விட்டுட்டேன். அந்த வேவு பாக்குத விஷயம் எனக்கு இதுவர தெரியாது, கேட்டதும் பக்குன்னு ஆயிட்டு.

எதுவுமே மாறாத அந்த ஒரு சைட்டுக்கு என்ன செய்ய?

பாளை வெப்காரன்:

அது பிரவுசர் வேலை இல்ல அண்ணாச்சி, அந்த சைட்ட செஞ்சவங்க பாத்த லிங்குக்கும் பாக்காத லிங்குக்கும் ஒரே கலர குடுத்திருப்பாங்க. பாக்க அழகா இருக்கணும்னு நெறய பேரு இப்படி பண்ணுதாங்க, எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது, படிக்குதவன் எதப் பாத்தோம்னு எப்படி கண்டுபிடிப்பான்? ஸ்டைலஸ்னு ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கு, ஒரு சைட்டோட தோற்றத்த நம்ம இஷ்டத்துக்கு மாத்த பிரவுசர்ல சேக்குத துணை புரோகிராம், அத போட்டு அந்த சைட்டுக்கு மட்டும் விசிட்டட் லிங்க் கலர் ஊதான்னு ஒரு வரி எழுதி, கடைசில !important-னு (சைட்டுக்காரன் குடுத்த கலர மீறி நம்ம கலர் நிக்கதுக்கு) சேத்தா போதும். எழுத்துக் கலர மட்டும் மாத்துங்க, பின்னணிக் கலர் குடுத்துப் பாத்தா அந்த லிங்குக்கு முன்னாடியே பின்னணி இல்லன்னா தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் நான் சேரன்மகாதேவி வருதேன், அப்படியே உங்க கடைக்கு வந்து போட்டுத் தந்திருதேன்.

வீரவநல்லூர் சென்டர்:

வாங்க தம்பி, ஏழு மணிக்கு மேல வாங்க, அதுக்கு முன்னால பிள்ளைங்க கூட்டமா இருக்கும். அதுவரைக்கும் கடைசி தேதிய எல்லாம் நோட்டுலயும் எழுதி வச்சுக்கிடுதேன்.