குற்றாலத்து ஆறு: சிற்றாறா, சித்தாறா, சித்ரா நதியா? தொடக்கத்தை எங்கே வைப்பது?

ஓடைக்கரை (கேள்வி):

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தென்காசிப் பக்கத்து நீரோட்டங்களைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். குற்றாலத்தில் இறங்குகிற ஆறு துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரு துண்டில் சிற்றாறு, இன்னொன்றில் சித்தாறு, பேரருவிக்குக் கீழே சித்ரா நதி. சில இடங்களில் கோடு மேற்கே பார்த்துப் போகிறது. எந்தப் பெயரை வைக்கலாம்? தொடக்கப் புள்ளி பேரருவியா, அதற்கும் மேலேயா? வீரகேரளம்புதூரில் அனுமன் நதி சேர்ந்த பிறகு எந்தப் பெயர் தொடரும்? கருப்பாநதி, கடனா நதி எல்லாமே இதன் கிளைகள்தானா?

மேட்டுக்கால்:

மூன்றும் ஒரே ஆறுதான். தமிழ்ப் பெயர்ப் புலத்தில் 'சிற்றாறு' வையுங்க. தென்காசியில் இருக்கிற நீர்வளத்துறை அலுவலகப் பெயரே 'சிற்றாறு வடிநிலக் கோட்டம்'தான். காற்று காத்தாவது போலப் பேச்சில் அது சித்தாறு ஆகிறது. தப்பில்லை, மாற்றுப்பெயர்ப் புலத்தில் போடுங்க. சித்ரா நதி என்பது குற்றாலநாதர் கோயில் தீர்த்த வரிசையில் வருகிற பெயர். கங்கைகொண்டான் பக்கம் போய்ச் 'சித்ரா நதி எங்கே' என்று கேட்டால் ஆளை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதையும் மாற்றுப்பெயரில் சேர்த்தால் போதும்.

ஊர்ப் பெயரை அடைப்புக்குறியில் ஒட்டி 'சிற்றாறு (தென்காசி)' என்று மட்டும் எழுதிவிடாதீங்க. கன்னியாகுமரி மாவட்டத்தில் கோதையாறு அமைப்பில் சிற்றாறு 1, சிற்றாறு 2 என்று இரண்டு அணை இருப்பதால் குழப்பம் வரும், உண்மைதான். அதற்கு விளக்கப் புலம் இருக்கிறது. குண்டாறுக்கும் இதே சிக்கல்: செங்கோட்டைக்கு மேலே 36 அடி அணை கட்டியிருக்கிற குண்டாறு வேறு, ஆண்டிபட்டி மலைப்பக்கம் தொடங்கி மன்னார் வளைகுடாவுக்குப் போகிற குண்டாறு வேறு. பெயரை வைத்துத் தேடி இரண்டையும் ஒரே ரிலேஷனில் (ஓர் ஆற்றின் துண்டுகளை ஒன்றாகக் கட்டுகிற தொகுப்பு) சேர்த்துவிட்டால் பிரிக்கிறது பெரும்பாடு.

பாறைமடை:

தொடக்கம் பேரருவி இல்லை. அதற்கு மேலே சிற்றருவி, அதற்கும் மேலே செண்பகாதேவி, அதையும் தாண்டித் தேனருவி. அருவி ஒவ்வொன்றும் கோட்டின் மேல் ஒரு புள்ளி, அவ்வளவுதான். கோடு அங்கே அறுபடக் கூடாது. தேனருவிக்கு மேலே மரக்கூரையில் செயற்கைக்கோள் படம் ஒன்றும் காட்டாது. வனத்துறை தடை இருப்பதால் ஜிபிஎஸ்ஸோடு ஏறவும் முடியாது. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத் தாளைத் திறந்து சமஉயரக் கோடுகளை (ஒரே உயரத்து இடங்களை இணைக்கிற கோடுகள்) பாருங்க. ஓடை இருக்கிற இடத்தில் கோடு மேட்டைப் பார்த்துக் கூராக மடங்கும், மலைமுதுகில் பள்ளத்தைப் பார்த்து மடங்கும். அந்தக் கூர்களைக் கீழிருந்து மேலாகத் தொடுத்துக்கொண்டே போனால், மடிப்பு மழுங்கி மறைகிற இடத்தில் நிறுத்திவிடலாம். வரைவது மேலிருந்து கீழாக. கோட்டின் திசைதான் நீரோடுகிற திசை. உங்கள் மேற்கே பார்த்த துண்டுகளைத் திருப்பிப் போட்டாலே சரியாகிவிடும்.

கோட்டின் வகைக் குறி மேலே 'ஸ்ட்ரீம்' (ஓடை), கீழே 'ரிவர்' (ஆறு). திடமான ஆள் ஒருவர் தாண்டிக் குதிக்கிற அகலம் என்றால் ஸ்ட்ரீம். கோடையில் அருவியே வற்றிப்போகிற ஆறு என்பதால் 'இன்டர்மிட்டென்ட்' (ஆண்டு முழுதும் ஓடாதது) குறியும் சேர்க்கணும்.

சமவெளியில் வேறு தலைவலி. 30 மீட்டருக்கு ஒரு புள்ளியாக நில உயரத்தைத் தருகிற தரவில் மென்பொருள் தானாக இழுத்த ஓடைக்கோட்டை நம்பவே வேண்டாம். தொடர்குளங்கள் வந்ததும் கரையைப் பிளந்துகொண்டு நேராகப் போய்விடும். அடுத்தது, அணைக்கட்டில் பிரிகிற கால், அதாவது பாசன வாய்க்கால். கோடைப் படத்தில் ஆறு வெளுத்த மணலாகவும், கால் பச்சைக் கோடாகவும் தெரிவதால் பலர் காலை ஆறு என்று வரைந்துவிடுகிறார்கள். பள்ளத்தில் ஓடுவது ஆறு. சரிவின் மேல்விளிம்பை அணைத்தே போய்க் குளத்தில் விழுவது கால். அதன் ஒரு பக்கம் நஞ்சை, மறுபக்கம் புஞ்சைக் காடு. அதற்கு வகைக் குறி 'கனால்'. சந்தேகமான இடத்தில் நிலத்தின் புல எண்ணைப் போட்டு, வருவாய்த்துறையின் கிராம நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டைப் பாருங்க. பெயர் இல்லாவிட்டாலும் ஆறு, ஓடை, வாய்க்கால் என்று வகை இருக்கும்.

மேட்டுக்கால்:

கிளைகள் பற்றி விட்டுப்போச்சு. மேக்கரையில் 132 அடி அடவிநயினார் அணை நிற்பது அனுமன் நதியில். கடையநல்லூர்ப் பக்கத்துக் கருப்பாநதி (அணை 72 அடி) அதில் சேருகிறது. வீரகேரளம்புதூருக்குக் கீழே சிற்றாறு என்ற பெயரே, தாமிரபரணியில் சேருகிற சீவலப்பேரி வரை போகும். எந்தக் கிளை நீளம், எதில் தண்ணீர் அதிகம் என்று அளந்து பெயரை மாற்றுகிற வேலை வேண்டாம், வழக்கில் இருப்பதுதான் செல்லும். கடனா நதி இந்தக் குடும்பமே இல்லை. ஜம்பு நதி ராமநதியில், ராமநதி கடனாவில், கடனா திருப்புடைமருதூரில் நேராகத் தாமிரபரணியில்.

சங்கமத்தைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை. சீவலப்பேரிக் கூடுதுறைக்கும் முக்கூடல் என்று பழம்பெயர் உண்டு. 'முக்கூடல்' என்று தட்டினால் திருநெல்வேலிக்கு மேற்கே இருக்கிற முக்கூடல் டவுனுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

ஓடைக்கரை:

நன்றி அண்ணாச்சி. பழைய குற்றாலத்தையும் இதே கோட்டில் சேர்த்துவிடலாமா?

பாறைமடை:

கூடாது. அது அழுதகண்ணி ஆறு, தனி நீர்ப்பிடிப்பு. ஐந்தருவியிலிருந்து வருவதும் தனி ஓடை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் காட்டுவெள்ளம் வந்தபோது எல்லோரும் 'குற்றால வெள்ளம்' என்றே சொன்னார்கள். மேலே எந்த மடிப்பில் மழை கொட்டுகிறதோ அந்த ஆறுதான் திடீரென்று எழும்பும். ஒன்றில் வெள்ளம் வரும்போது இன்னொன்று சாதாரணமாகவே ஓடலாம். அதனால் மூன்று கோட்டையும் தனித்தனிப் பெயரோடு வரைந்து, கீழே உண்மையிலேயே கூடுகிற இடத்தில் மட்டும் பொதுப்புள்ளி வைத்து இணையுங்க. குறுக்கே வெட்டுகிற கால்களோடு இணைத்துவிடாதீங்க, கால் ஆற்றுக்கு மேலே தொட்டிப்பாலமாகவும் போகலாம்.