திருவிழா மேடைக்கும் வீட்டு ஒலிப்பதிவுக்கும் எந்தக் கீபோர்ட் வாங்கலாம்?

கேள்வி: யாழ்ப்பாணம் இணுவிலிலிருந்து

வணக்கம். நான் ஐந்து பேர் கொண்ட சிறிய இசைக்குழு ஒன்றில் கீபோர்ட் வாசிக்கிறேன். ஆடி, ஆவணி மாதங்களில் கோயில் திருவிழாக்களில் பக்திப் பாடல் நிகழ்ச்சிகளும், மற்ற நாட்களில் திருமண வரவேற்பு, பூப்புனித நீராட்டு விழா என்று மாதத்துக்கு நான்கைந்து மேடைகளும் கிடைக்கின்றன. இதுவரை யமஹா பிஎஸ்ஆர்-ஈ373 கீபோர்டையே வைத்துச் சமாளித்து வருகிறேன். அதில் ஹெட்போன் துளையைத் தவிர வேறு வெளியீடு இல்லாததால், அந்தத் துளையிலிருந்தே மிக்சருக்கு வயர் கொடுக்கிறேன். சுவரத்தை வழுக்கி ஏற்றி இறக்கும் பிட்ச் பென்ட் சில்லும் அதில் இல்லை. நாதஸ்வரத் தொனியில் நான்கு சுவரம் ஆலாபனையாக வாசித்தாலும் படிக்கட்டில் ஏறி இறங்குவது போலவே ஒலிக்கிறது. நாலு வீடு தள்ளிச் சாதகம் செய்யும் உண்மையான நாயனத்தைக் கேட்டு வளர்ந்த எனக்கு இதை இனியும் பொறுக்க முடியவில்லை.

மேடையோடு சேர்த்து, எங்கள் ஊர்ப் பிள்ளையார் மீது எழுதப்பட்ட ஆறு பாடல்களை வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்யவும் எண்ணியிருக்கிறேன். கையில் மூன்று இலட்சம் ரூபாய் இருக்கிறது. ரோலண்ட் ஜூனோ-டிஎஸ்61, ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10, யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்600, யமஹா பிஎஸ்ஆர்-ஈ473 ஆகிய நான்கையும் மனத்தில் வைத்திருக்கிறேன். தை மாதம் கனடாவிலிருந்து வரும் சித்தப்பா, சொன்னால் அங்கிருந்தே வாங்கிக் கொண்டு வருவார். மேடைக்கும் ஒலிப்பதிவுக்கும் ஒன்றே போதுமா, அல்லது இரண்டு வேண்டுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: சங்கானையிலிருந்து

தம்பி, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தீவகத்திலும் வலிகாமத்திலும் வடமராட்சியிலும் மேடை ஏறியவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லி விடுகிறேன். கடையில் நிற்கும்போது தொனிகள் எத்தனை, ஸ்டைல்கள் என்ற தானியங்கித் தாளங்கள் எத்தனை என்ற எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு நிகழ்ச்சியில் நான் உண்மையில் தொடும் தொனிகள் பதினைந்தைத் தாண்டியதில்லை. உங்கள் கைக்கும் ஸ்பீக்கர் பொக்ஸுக்கும் இடையில் இருக்கும் சில்லு, துளை, வயர், மின்சாரம் ஆகியவைதாம் நிகழ்ச்சியைக் காப்பாற்றவோ கெடுக்கவோ செய்கின்றன.

நீங்கள் சொன்ன படிக்கட்டுப் பிரச்சினைக்கு ஈ473 கூட மருந்தாகும், ஏனென்றால் அதில் பிட்ச் பென்ட் சில்லும் இடது, வலது என்று தனித்தனி வெளியீடுகளும் உண்டு. எஸ்எக்ஸ்600 இலும் சில்லுத்தான். ரோலண்டில் சில்லுக்குப் பதிலாகப் பக்கவாட்டில் அசையும் ஒரு நெம்பு இருக்கிறது. அதை முன்னே தள்ளினால் மொடுலேஷன், அதாவது தொனியில் நடுக்கம், வரும். வீணைத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துப் பழகிய கைக்கு நெம்பு விரைவில் பிடித்துப் போகிறது, எனக்கோ சில்லின் மீது பெருவிரலை வைத்து உருட்டுவதுதான் இலகு. இரண்டையும் தொட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். வாங்கிய பின் பென்ட் எல்லையையும் பாருங்கள். பொதுவாக இரண்டு அரைச்சுவரம் என்று வைக்கப்பட்டிருக்கும். சுவரத்தை அசைக்கும் கம்பிதத்துக்கு அது போதும், சுவரம் விட்டுச் சுவரம் வழுக்கும் நீண்ட ஜாருவுக்கு ஐந்து வரை கூட்டலாம், ஆனால் கூட்டக் கூட்டச் சில்லின் சிறு நடுக்கமும் பெரிதாகக் கேட்கும்.

இனி மின்சாரம். சில ஆண்டுகளுக்கு முன் வடமராட்சிக் கோயில் ஒன்றின் வீதியில் நிகழ்ச்சி நடந்து கொண்டிருந்தபோது மின்சாரம் நின்று, ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது. இடைவெளி நான்கு விநாடிதான். பாடகி ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடிக்கொண்டிருந்தார், நான் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸை நான்கு அரைச்சுவரம் கீழே வைத்து, விரலுக்குப் பழகிய ஒரு கட்டை நிலையில் வாசித்துக்கொண்டிருந்தேன். கீபோர்ட் மறுபடி எழும்பி வந்தபோது ட்ரான்ஸ்போஸ் பூச்சியத்துக்குத் திரும்பியிருந்தது. நான் அதைக் கவனிக்காமல் கையை வைத்தேன். அவர் ஐந்தரையில் நிற்க நான் ஒன்றில் நின்றேன். அந்த ஓசையும், அவர் திரும்பிப் பார்த்த பார்வையும் இன்றைக்கும் மறக்கவில்லை. மறுநாளே ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கினேன். இவ்வகைக் கீபோர்ட் ஒன்று இழுப்பது மிகச் சிறிய அளவு மின்சாரம் என்பதால், கணினிக்கு விற்கும் மிகச் சிறிய யூபிஎஸ்ஸே நிகழ்ச்சியின் எல்லா இடைவெளிகளையும் தாங்கிக் கொள்ளும். ஜூனோ-டிஎஸ்61 ஏஏ அளவுப் பற்றரி எட்டில் இயங்கக் கூடியது, எடையும் ஏறத்தாழ ஐந்து கிலோதான். மோட்டார் சைக்கிளில் போய் வருபவருக்கு அது பெரிய வசதி. எதை வாங்கினாலும் ஒவ்வொரு பாட்டின் தொனி, கட்டை, ஒலி அளவு எல்லாவற்றையும் ரெஜிஸ்ட்ரேஷன் என்ற நினைவகத்தில் சேமித்து, ட்ரான்ஸ்போஸும் அதோடு சேர்ந்து சேமிக்கப்படுகிறதா என்று அணைத்து ஏற்றிச் சோதித்துப் பாருங்கள்.

கனடாவிலிருந்து வருவிப்பது பற்றி: அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். அடப்டரின் முதுகில் உள்ளீடு 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். 120 என்று மட்டும் இருந்தால், இங்கே செருகிய கணத்திலேயே அடப்டர் போய்விடும், சிலவேளை கீபோர்டையும் கொண்டு போகும். அப்படியானால் வெளியீட்டில் அதே வோல்ட், அதே முனைத் திசை, குறையாத அம்பியர் கொண்ட அடப்டர் ஒன்றை இங்கேயே வாங்குங்கள். அங்கே தந்த உத்தரவாதத்தை இங்குள்ள முகவர்கள் பொதுவாக ஏற்பதில்லை என்பதையும் சித்தப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

கட்டைகளின் அடியில் இருக்கும் இறப்பர்த் தொடுகைகளையும் நினைவில் வைத்திருங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு தொடுகைகள் இருக்கின்றன. ஒன்று பட்டு மற்றது படுவதற்கு எடுக்கும் நேரத்தை வைத்தே நீங்கள் மெல்ல அழுத்தினீர்களா, வேகமாக அழுத்தினீர்களா என்பதை கீபோர்ட் அறிகிறது. வீதி மணல் உள்ளே போனால் ஒரு கட்டை மட்டும் திடீரென்று கத்தும், அல்லது ஊமையாகும். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பருத்தித் துணியால் மூடுவது மட்டுமே இதற்குக் காவல், மற்றபடி திறந்து சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

மறுமொழி: கொக்குவிலிலிருந்து, ஒலியமைப்புத் தொழில் செய்பவர்

ஐயா சொன்னவற்றோடு இரண்டை மட்டும் சேர்க்கிறேன்.

ஹெட்போன் துளையிலிருந்து வயர் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அது இரு பக்க ஒலிக்காக அமைந்த துளை. சாதாரண ஒற்றை பிளக்கைச் செருகினால் ஒரு பக்கத்தின் ஒலி கிரவுண்ட் கம்பியோடு குறுக்கிணைந்து விடும். புதிய கீபோர்டிலும், கோயில் வீதியில் கட்டும் குழல் ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒற்றை ஒலிதான் என்பதால், இடது துளையில் மட்டும் செருகி வலதை வெறுமையாக விடுங்கள். அப்போது கீபோர்டே இரு பக்கத்தையும் சேர்த்துத் தரும். வலதிலும் ஒரு வயரைச் செருகி விட்டு இடதை மட்டும் மிக்சரில் எடுத்தால் பியானோவின் பாதி காணாமல் போகும்.

மேடைக்கும் மிக்சருக்கும் இடையில் இருபது முப்பது மீற்றர் ஓடும் வயருக்கு டீஐ பொக்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். சாதாரணக் கீபோர்ட் வயர் ஆறு மீற்றரைத் தாண்டினாலே சுற்றியுள்ள மின் இரைச்சலை எல்லாம் பிடிக்கத் தொடங்கிவிடும். டீஐ பொக்ஸ் அதைச் சமநிலை ஒலியாக்கி, ஒலிவாங்கி வயரிலேயே அனுப்புகிறது. அதில் கிரவுண்ட் லிப்ட் என்ற சிறு ஆளி இருக்கும். ஜெனரேட்டரில் ஓடும்போது கேட்கும் அந்த உறுமல் பெரும்பாலும் அதை மாற்றியவுடன் அடங்கிவிடும். தயவு செய்து உறுமலுக்காகப் பிளக்கின் எர்த் கம்பியை முறிக்காதீர்கள். அப்படி முறித்த மேடை ஒன்றில், ஒலிவாங்கியில் உதடு பட்ட கணத்தில் பாடகரை மின் அடித்துத் தள்ளியதை நான் நேரில் பார்த்தேன்.

மறுமொழி: யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலிருந்து, சங்கீத ஆசிரியை

தம்பி, நீங்கள் இணுவில் நாயனத்தைக் கேட்டு வளர்ந்த காது என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். பிட்ச் பென்ட் சில்லு வந்தாலும் கீபோர்டில் சுவரங்களை அசைத்து இழைக்கும் கமகம் முழுமையாக வந்துவிடாது. சுவரங்களை அசையாத கட்டைகளாக வைத்திருக்கும் கருவி நம் இசைக்கு ஒத்துவராது என்ற எண்ணமும் சேர்ந்துதான், அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்தைத் தடை செய்து 1971 வரை வைத்திருந்தது. அந்தத் தடையை நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த செவியை மதிக்கிறேன். கீபோர்டில் அந்தர காந்தாரம் சட்சத்திலிருந்து 400 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுவரத்தில் நூறில் ஒரு பங்கு) தொலைவில் இருக்கிறது. தம்புரா சுருதிக்குள் இயல்பாக எழும் காந்தாரமோ ஏறத்தாழ 386 சென்டில் இருக்கிறது. பதினான்கு சென்ட் என்பது சிறு எண், ஆனால் ஆலாபனையின் நடுவே பாடகி காந்தாரத்தில் நிற்கும்போது நீங்கள் அதே காந்தாரத்தைக் கீபோர்டில் பிடித்தால், இரண்டும் உரசி அலை அலையாக நடுங்குவதை எவரும் கேட்கலாம்.

ஆகவே விருத்தத்திலும் ஆலாபனையிலும் சட்சத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்து, மற்றதைப் பாடகிக்கும் வயலினுக்கும் விட்டு விடுங்கள். எஸ்எக்ஸ்600 இல் ஸ்கேல் டியூன் என்ற வசதியால் ஒவ்வொரு சுவரத்தையும் தனித்தனியே இறக்கி ஏற்றலாம். ஒலிப்பதிவின்போது அந்தக் காந்தாரத்தைப் பதினான்கு சென்ட் இறக்கிக் கேட்டுப் பாருங்கள், உங்கள் காதே தீர்ப்புச் சொல்லும். நாதஸ்வரத்தோடு சேர்ந்து வாசிக்க நேர்ந்தால் இன்னொரு கவனம் வேண்டும். மூச்சுக் காற்றின் சூட்டில் குழல் சுருதி மெல்ல உயரும், எனவே 440 ஹேர்ட்ஸ் என்றே அசையாமல் நிற்காமல், முதற் பாட்டு முடிந்ததும் கீபோர்ட் முழுவதன் சுருதியையும் நகர்த்தும் மாஸ்டர் டியூனை நாயனக்காரரின் சட்சத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

ஒலிப்பதிவைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லி விடுகிறேன். ஒலிப்பதிவுக்குக் கீபோர்டின் தொனி தரமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, ஏனென்றால் வாசிப்பைக் கட்டளைகளாகக் கணினிக்கு அனுப்பும், 1983 இல் வந்த மிடி முறை இன்றைக்கும் அதே பயனைத் தருகிறது. நீங்கள் வாசிப்பதை ஒலியாகவும் மிடியாகவும் சேர்த்துப் பதியுங்கள். மிடியில் பதிவாவது எந்தக் கட்டை, எவ்வளவு வேகம், சில்லு எவ்வளவு அசைந்தது என்பது மட்டுமே, ஆகையால் பின்னர் கணினியில் உள்ள நல்ல வீணைத் தொனிக்கோ புல்லாங்குழல் தொனிக்கோ அதை மாற்றிக் கொள்ளலாம். கீபோர்டில் மிச்சம் பிடிக்கும் பணத்தில் ஒலியைக் கணினிக்குள் கொண்டு செல்லும், இரண்டு உள்ளீடு கொண்ட ஓடியோ இன்டர்பேஸ் ஒன்று, மூடிய வகை ஹெட்போன் ஒன்று, குரலுக்கு ஒரு நல்ல ஒலிவாங்கி ஆகியவற்றை வாங்குங்கள். கண்டென்சர் ஒலிவாங்கி என்றால் இன்டர்பேஸில் 48 வோல்ட் பொத்தானை அழுத்த வேண்டும்.

கணினியில் ஒலியைச் சேர்த்துச் சேர்த்து அனுப்பும் பஃபரை 128 மாதிரி என்று வைத்தால், 48,000 மாதிரி வேகத்தில் தாமதம் 2.7 மில்லி விநாடிதான். ஒரு மீற்றர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரிலிருந்து ஒலி வந்து சேர எடுக்கும் நேரம் அது. அதையே 1024 என்று வைத்தால் 21 மில்லி விநாடி ஆகி, கை வைத்த பிறகு தொனி வருவதை உணர்வீர்கள். பாடும்போது சிறியதும், கலவை செய்யும்போது பெரியதும் பொருத்தம்.

நம் வீடுகளின் சீமெந்துச் சுவரும் சீமெந்து நிலமும் குரலைப் பிடித்துத் திருப்பி எறியும். பாடகியின் பின்னாலும் இரு பக்கமும் மெத்தையைச் சாய்த்து, நிலத்தில் பாய் விரித்து, மின்விசிறியை நிறுத்திப் பதியுங்கள். திருவிழாக் காலத்தில் இரவு பத்து மணிக்கு முன்னர் முயல வேண்டாம். மூன்று கோயில் ஒலிபெருக்கிகளும் சேர்ந்து உங்கள் பாட்டுக்குள் வந்துவிடும்.

கேட்டவர், இணுவிலிலிருந்து

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹெட்போன் துளையைப் பற்றி இதுவரை எவரும் எனக்குச் சொன்னதில்லை. நேற்று இரவே சோதித்தேன், ஒரு பக்கம் உண்மையில் செத்துத்தான் இருந்தது. ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. எங்கள் குழுவில் ஒக்டபாட் என்ற மின்னணுத் தாளக் கருவி வாசிப்பவர் இருக்கிறார், மிருதங்கமும் உண்டு. அப்படியிருக்கத் தானியங்கித் தாளம் உள்ள எஸ்எக்ஸ்600 எனக்குத் தேவையா?

மறுமொழி: சங்கானையிலிருந்து

மேடைக்குத் தேவையில்லை, தம்பி. கையால் வாசிக்கும் இருவர் இருக்கும் இடத்தில் கீபோர்டும் தாளம் போட்டால் மூன்று காலப்பிரமாணங்கள் ஓடும், மிருதங்கக்காரர் மனம் நோவார். ஒருவராக வரவேற்புகளுக்குப் போகும் நோக்கம் இருந்தால் மட்டும் எஸ்எக்ஸ்600 ஐ நினையுங்கள். ஆசிரியை அம்மா சொன்ன ஸ்கேல் டியூனுக்காக வாங்குவதென்றாலும் அது தகுந்த காரணமே, ஆனால் உங்கள் முதல் தேவை அதுவல்ல என்பது என் எண்ணம். கையில் இருக்கும் மூன்று இலட்சத்தில் ஈ473 ஐயோ, விலை ஒத்துவந்தால் ஜூனோவையோ எடுத்து, மீதியில் டீஐ பொக்ஸ், யூபிஎஸ், இன்டர்பேஸ், ஹெட்போன் ஆகிய நான்கையும் முடித்து விடுங்கள். பழைய ஈ373 ஐ விற்க வேண்டாம். அதில் யூஎஸ்பி மூலம் மிடி வருவதால் வீட்டில் கணினிக்கு அருகில் அதையே வைத்துக்கொண்டு, புதியதை உறையிலிருந்து எடுக்காமலே இரவுப் பதிவுகளுக்குப் பயன்படுத்தலாம். ஞாயிற்றுக்கிழமை சங்கானைப் பக்கம் வந்தால் என்னுடைய ஜூனோவின் நெம்பையும் என் மகனுடைய யமஹாவின் சில்லையும் ஒரு மணி நேரம் மாறி மாறி வாசித்துப் பார்த்துவிட்டுப் போகலாம்.